வேறு மதத்தவரைப் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு: கொழும்பில் விவாகரத்து வழக்கை நடத்துவது எப்படி

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். என் முன்னாள் கணவர் கத்தோலிக்கர். வீட்டில் சிங்களம் பேசுபவர். இருவரும் மதம் மாறாமல், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகாமல், வெள்ளவத்தையில் விவாகப் பதிவாளர் முன்னிலையில் கையொப்பமிட்டுத் திருமணம் செய்தோம். அந்தத் திருமணம் முறிந்தபோது எந்த வாசலைத் தட்டுவது என்று எனக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை. உறவினர்கள் தங்கள் சமூகத்து வழக்கத்தைச் சொன்னார்கள். இணையத்தில் தமிழில் கிடைத்தவை பெரும்பாலும் இந்தியச் சட்டத்தைப் பற்றியவை. தவறான ஆலோசனையாலும் நானே அவசரப்பட்டுக் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தாலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளை இழந்தேன். உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. இதை வாசித்துவிட்டுச் சட்டத்தரணியிடம் போனால் சரியான கேள்விகளைக் கேட்பீர்கள்.

1. உங்கள் திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று முதலில் பாருங்கள்

இலங்கையில் விவாகரத்து எப்படி நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது இன்று நீங்கள் கும்பிடும் தெய்வம் அல்ல, உங்கள் விவாகம் பதிவான சட்டம். ஆகவே விவாகச் சான்றிதழை எடுத்து, அதன் தலைப்பை வாசியுங்கள். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் (இதையே இனிப் பொதுச் சட்டம் என்கிறேன்) கீழ் பதிவாகியிருந்தால், நீங்கள் இந்துவாகவோ பௌத்தராகவோ கிறிஸ்தவராகவோ இருந்தாலும், உங்கள் துணை முஸ்லிமாக இருந்தாலும், உங்களுக்குரிய இடம் மாவட்ட நீதிமன்றம். தேவாலயத்தில் நடந்து பதிவான திருமணமும் இதே சட்டத்துக்கு உட்பட்டது. திருச்சபை நீதிமன்றம் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும், அரசின் பார்வையில் நீங்கள் திருமணமானவரே.

இருவரும் முஸ்லிம்களாக இருந்து, அல்லது ஒருவர் திருமணத்துக்கு முன்பே இஸ்லாத்தைத் தழுவி, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்திருந்தால், காதி நீதிமன்றமே உரிய இடம். இந்தக் கட்டுரை உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் முஸ்லிம் அல்லாத ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் பொதுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த திருமணத்தைக் காதி நீதிமன்றம் கலைக்க முடியாது. என் அலுவலகத் தோழி ஒருத்தி இது தெரியாமல் பல மாதங்கள் காதியிடம் அலைந்து திரும்பினாள்.

கண்டிச் சிங்களவர்களுக்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் உண்டு. அதில் இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி இருக்கிறது. உங்கள் துணை கண்டியைச் சேர்ந்தவர் என்பதற்காக அந்த வழி உங்களுக்குத் திறக்காது. பதிவு பொதுச் சட்டத்தில் என்றால் பொதுச் சட்டம்தான்.

மதம் மாறினால் பழைய திருமணம் தானாக விலகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பொதுச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்த ஒருவர் பின்னர் இஸ்லாத்துக்கு மாறி, முதல் திருமணத்தைக் கலைக்காமல் செய்யும் இரண்டாம் திருமணம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் அபேசுந்தர எதிர் அபேசுந்தர வழக்கில் தெளிவாகத் தீர்த்திருக்கிறது. அப்படிச் செய்தவர் இருதார மணக் குற்றச்சாட்டுக்கும் முகங்கொடுக்க நேரும்.

2. காரணம்: மூன்றுதான் உண்டு, சம்மதம் அவற்றில் இல்லை

என் இரண்டு ஆண்டுகள் போனது இந்த இடத்தில்தான். பொதுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு விவாகரத்துக்கு மூன்று காரணங்களை மட்டுமே ஏற்கிறது: திருமணத்துக்குப் பின்னான பிறர்மனைத் தொடர்பு, தீய எண்ணத்துடன் துணையைக் கைவிட்டுச் செல்லுதல், திருமண வேளையிலேயே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மையின்மை அல்லது உடலுறவுக்கு இயலாமை. மனம் ஒத்துவரவில்லை என்பது காரணம் அல்ல. இருவருக்கும் விருப்பம் என்பதும் காரணம் அல்ல. இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் உள்ள பரஸ்பர சம்மத விவாகரத்தைப் பற்றி வாசித்துவிட்டு, அதே போல இங்கும் ஆறு மாதத்தில் முடியும் என்று நானும் கணவரும் நம்பியிருந்தோம். அந்தச் சட்டம் பாக்கு நீரிணைக்கு அப்பால் மட்டுமே செல்லும்.

அந்த நம்பிக்கையில் நாங்கள் செய்த காரியம் இன்னும் மோசமானது. ஒரு சமாதான நீதவான் முன்னிலையில், “நாம் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், ஒருவர் மீது ஒருவருக்குக் கோரிக்கை இல்லை” என்று கடிதம் எழுதிக் கையொப்பமிட்டோம். அது எங்களை விவாகரத்துக்கு ஓரடி நெருக்கமாக்கும் என்று நினைத்தோம். உண்மையில் அது இரண்டு கதவுகளை அடைத்தது. சம்மதித்துப் பிரிந்தவர் தன்னைக் கைவிட்டார்கள் என்று முறையிட முடியாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டமோ, கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழ்ந்தால் துணைக்குத் தாபரிப்புக் (பராமரிப்புப் பணம்) கட்டளை வழங்கக்கூடாது என்கிறது. பொலிஸ் நிலையத்திலோ பெரியவர்கள் முன்னிலையிலோ இப்படி ஒரு கடிதத்தில் கையொப்பமிடும்படி யாராவது சொன்னால், சட்டத்தரணியைக் காணாமல் பேனையைத் தொடாதீர்கள்.

பின்னர், எங்கள் மகளை எண்ணி, சேர்ந்து வாழ வரும்படி அவரை உண்மையாகவே அழைத்தேன். பதிவுத் தபாலிலும் எழுதினேன். இனி வரப்போவதில்லை என்று அவர் எழுத்தில் பதில் அனுப்பினார். அந்தக் கடிதமும் அதன் பிறகு அவர் ஒரு நாளும் வீட்டுக்கு வராததுமே இறுதியில் என் வழக்கின் அடிப்படையாயின. வழக்குக்காக மட்டும் ஒப்புக்கு இப்படி அழைப்பு எழுதுவது வேறு; அது விசாரணையில் வெளிப்பட்டால் வழக்கே போகும்.

வீட்டை விட்டு வெளியேறியவர் நீங்களாக இருந்தாலும் வழி உண்டு. அடி, வதை, அவமதிப்பு ஆகியவற்றால் வாழ முடியாமல் நீங்கள் வெளியேறியிருந்தால், உங்களை அந்நிலைக்குத் தள்ளியவரையே கைவிட்டவராகச் சட்டம் கருதும். இதை நிறுவ மருத்துவக் குறிப்புகளும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் உதவும். உயிருக்குப் பயம் இருந்தால் விவாகரத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோருங்கள்.

ஏழு ஆண்டுகள் பிரிந்திருந்தால் போதும் என்ற கதையையும் நான் மூன்று பேரிடம் கேட்டேன். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவில் ஏழு ஆண்டுப் பிரிவு பற்றிய ஏற்பாடு இருப்பது உண்மை. ஆனால் 1986இல் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில், பிரிந்திருந்த காலம் மட்டும் போதாது, துணையின் தவறும் நிறுவப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே ஆண்டுகளை எண்ணிக்கொண்டு காத்திராதீர்கள்.

கடைசியாக ஒன்று. விரைவில் முடிப்பதற்காக இருவரும் கூடிப் பேசி, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லும் எண்ணம் வரும். இது கூட்டுச்சதி என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்தால் வழக்கைத் தள்ளிவிடும். சத்தியம் செய்து பொய் சொன்னதற்கான பொறுப்பும் உங்களுடையது. உண்மையான காரணம் இருந்து, எதிராளி அதை மறுக்காமல் விடுவது வேறு விடயம், அதில் தவறில்லை.

3. ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள்

சட்டத்தரணியிடம் முதல் நாளே இவற்றுடன் போங்கள்: விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் தேசிய அடையாள அட்டை, வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம அலுவலர் சான்று, துணையின் இப்போதைய முகவரி, திகதி வாரியாக நீங்களே எழுதிய நிகழ்வுக் குறிப்பு. விவாகச் சான்றிதழின் பிரதியைத் திருமணம் பதிவான பிரதேசத்துக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்திருந்தால் வேலை சுலபம், தெரியாவிட்டால் தேடுகைக் கட்டணமும் நாட்களும் கூடும். ஒன்றுக்கு மூன்றாக எடுத்துவிடுங்கள். பிற்பாடு ஒவ்வொரு பிரதிக்கும் அரைநாள் விடுப்பு எடுப்பதைவிட இது மலிவு.

சான்றிதழில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் சிங்களத்தில் பதிவாகும்போது தந்தை பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறுவது அடிக்கடி நடக்கும். வேறுபாடு இருந்தால் இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளைப் படம்பிடித்து வைப்பதோடு நிறுத்தாமல், அந்தத் தொலைபேசியையும் அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். நான் பழைய தொலைபேசியைக் கொடுத்துப் புதியதை வாங்கியதால், என்னிடம் இருந்த நல்ல சான்றுகளில் சில போயின.

4. சட்டத்தரணியும் செலவும்

நான் நால்வரிடம் விசாரித்தேன். ஆகக் குறைந்த தொகைக்கும் ஆகக் கூடியதற்கும் இடையே நான்கு மடங்கு வித்தியாசம் இருந்தது. நீதிமன்றத்துக்குச் செலுத்துவது சிறு தொகை; செலவு என்பது பெரும்பாலும் சட்டத்தரணியின் கட்டணமே. அதை இரண்டு விதமாகக் கேட்பார்கள்: முழு வழக்குக்கும் ஒரு தொகை, அல்லது தவணைக்குத் தவணை, அதாவது வழக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு நாளுக்கும். தவணை முறையில் தொடக்கத்தில் மலிவாகத் தோன்றும். ஆனால் எதிராளி வராததால், நீதிபதி விடுமுறையில் இருப்பதால், அழைப்பாணை திரும்பி வந்ததால் எனத் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் பணம் போகும். மறுப்பு இல்லாத வழக்கு என்றால் முழுத் தொகையாகப் பேசுவதே நல்லது என்பது என் அனுபவம். அந்தத் தொகையில் வழக்குரை தயாரித்தல், எல்லாத் தவணைகளுக்கும் தோன்றுதல், இறுதித் தீர்ப்பாணையைப் பெற்றுத் தருதல் ஆகிய மூன்றும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றாவதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதன் தலைமை அலுவலகம் புதுக்கடையிலுள்ள மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலேயே இருக்கிறது. வருமானச் சான்றுடன் காலையில் நேரத்துக்குப் போங்கள்.

5. வழக்கைத் தாக்கல் செய்தலும் அழைப்பாணையும்

வழக்குத் தொடுப்பவர் எங்கே வசிக்கிறாரோ அந்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் புதுக்கடையில் இருக்கிறது. தெகிவளைப் பக்கம் குடியிருப்பவர்கள் கல்கிசைக்குப் போக வேண்டியிருக்கும். பிரிந்தபின் உண்மையாகவே யாழ்ப்பாணத்தில் பெற்றோருடன் குடியேறிவிட்டவர் அங்கேயே வழக்கிடலாம். வழக்குக்காக மட்டும் முகவரியை மாற்றிக் காட்டுவது ஆபத்து.

பிறர்மனைத் தொடர்பைக் காரணமாகக் காட்டினால், அந்த மூன்றாம் நபரையும் பொதுவாக வழக்கில் எதிராளியாகச் சேர்க்க வேண்டும். பெயர் தெரியாமல், சான்று இல்லாமல், கோபத்தில் அந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் போகும். கிடைக்காவிட்டால் நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கல் அலுவலர் மூலம் நேரில் கொடுக்கப்படும். அதுவும் முடியாவிட்டால் கதவில் ஒட்டுதல், பத்திரிகை அறிவித்தல் போன்ற மாற்று வழிக்கு நீதிமன்ற அனுமதி கோர வேண்டும். நான் கொடுத்தது அவருடைய பழைய வாடகை வீட்டு முகவரி. அந்த ஒரு தவறு ஐந்து மாதங்களைத் தின்றது. துணை வெளிநாட்டில் இருந்தால் இந்தக் கட்டமே மிக நீளும், அதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்.

6. மொழி உங்கள் உரிமை

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி, வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில் இருக்கும். அந்த மொழி தெரியாத தரப்பினருக்குத் தமிழில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அரசு வழங்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் பேசும் சிங்களம் போதும் என்று நானும் நினைத்தேன். “கைவிட்டார்” என்பதற்கும் “போய்விட்டார்” என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் வழக்கு தங்கியிருக்கும்போது அது போதாது. சாட்சியமளிக்கும் நாளுக்கு முன்பே சட்டத்தரணி மூலம் உரைபெயர்ப்பாளரை வேண்டுங்கள். நீதிமன்றத்தில் பலர் அவரை இன்றும் முதலியார் என்றே அழைக்கிறார்கள். வழக்குரையில் கையொப்பமிடும் முன், அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

7. பிள்ளைகளும் தாபரிப்பும்

பிள்ளைகளுக்கான தாபரிப்புக்கு விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நீதவான் நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்கலாம்; 18 முதல் 25 வயது வரையான, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கும் கோரலாம். வழக்கு நடக்கும் காலத்துக்கு மனைவி மாவட்ட நீதிமன்றத்திலேயே சீவனாம்சம் கேட்கவும் இடமுண்டு. பள்ளிக்கூடக் கட்டணம், வான் கூலி, மருந்துச் செலவு ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளை மாத வாரியாகக் கோர்த்து வையுங்கள். வாய்ச்சொல்லை எவரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.

பிள்ளை யாருடன் இருப்பது, எந்த நாட்களில் மற்றவரைக் காண்பது என்பவற்றில் உங்களுக்குள் இணக்கம் காண்பது தவறல்ல, மிகவும் நல்லது. கலப்புக் குடும்பத்தில் இன்னொன்றையும் பேசி எழுதிவிடுங்கள்: பிள்ளை எந்தச் சமயத்தைப் பாடசாலையில் கற்பது, எந்தப் பண்டிகையை யாருடன் கொண்டாடுவது. தைப்பொங்கலை என்னுடனும் நத்தாரை அவருடனும் என்று நாங்கள் எழுதிவைத்தோம். இன்றுவரை அதில் சண்டை வந்ததில்லை.

8. சொத்து: தேசவழமைக்காரர்கள் கவனிக்க வேண்டியது

நாட்டின் பொதுவான சொத்துச் சட்டத்தில் கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. இருவரும் சேர்ந்து வாங்கிய வீடு யார் பெயரில் இருக்கிறது, பணம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. வடமாகாணத் தமிழர்களுக்கு, அவர்கள் கொழும்பில் குடியிருந்தாலும், தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் பொருந்தும். ஆனால் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தேசவழமைக்குட்பட்ட பெண் அதற்குட்படாத ஆணை மணந்தால், அந்தத் திருமணம் நிலைத்திருக்கும் காலத்தில் அவள் தேசவழமைக்கு உட்பட்டவள் அல்ல. மறுபுறம், தேசவழமைக்குட்படாத பெண் அதற்குட்பட்ட ஆணை மணந்தால், திருமணம் நிலைக்கும்வரை அவளும் அதற்கு உட்படுவாள். எனக்குச் சீதனமாக வந்த உரும்பிராய்க் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டுமென்று ஒருவர் பயமுறுத்தினார். மேற்படி பிரிவு என் பக்கம் இருந்தது. நீங்கள் ஆணா பெண்ணா, யாரை மணந்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும் என்பதால், காணி உறுதிகளை முதல் நாளே சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

9. விசாரணை நாள்

எதிராளி மறுமொழி தாக்கல் செய்யாவிட்டால் ஒருதலை விசாரணை நடக்கும். அப்போதும் நீங்கள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சியமளிக்க வேண்டும். சான்றுகள் இல்லாமல் தீர்ப்புக் கிடைக்காது. எதிராளி வழக்காடினால், சாட்சிகளதும் ஆவணங்களதும் பட்டியலை விசாரணைக்கு முன்பே தாக்கல் செய்ய வேண்டும். பட்டியலில் இல்லாததைப் பிறகு நுழைப்பது கடினம். காலை 9 மணிக்கு முன் போய், உங்கள் வழக்கு இலக்கம் அன்றைய பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மறுப்பில்லாத என் வழக்கே தாக்கல் செய்த நாளிலிருந்து ஒரு வருடமும் நான்கு மாதங்களும் எடுத்தது. மறுத்து வாதாடும் வழக்குகள் பல ஆண்டுகள் போகும்.

10. தீர்ப்புக்குப் பிறகு மூன்று மாதங்கள்

நீதிபதி விவாகரத்து வழங்கினேன் என்று சொன்ன அன்று நீங்கள் விடுபட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். அன்று கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது முடிவான தீர்ப்பாணை ஆக்கப்படும். அதற்கு முன் செய்யும் மறுமணம் செல்லாது. சட்டத்தரணியின் வேலை தீர்ப்போடு முடிந்துவிட்டதாக எண்ணி அலுவலகம் கோப்பை மூடிவிடும் நிலையும் உண்டு; எனவே மூன்று மாதம் முடியும் திகதியை நாட்காட்டியில் குறித்து, நீங்களே தொடர்புகொண்டு, முடிவான தீர்ப்பாணை பதிவாகிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். என்னுடையது மூன்று மாதம் கடந்தும் எவரும் கேட்காததால் ஏழு வாரம் கிடந்தது.

முடிவான தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதிகளில் குறைந்தது மூன்றை நீதிமன்றப் பதிவறையில் விண்ணப்பித்து எடுங்கள். மறுமணத்துக்குப் பதிவாளர் கேட்பார், வங்கியில் கேட்பார்கள், வெளிநாட்டு விசாவுக்கும் கேட்பார்கள். வெளிநாட்டில் காட்டுவதற்கானால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து, பத்தரமுல்லை சுஹுருபாயவிலுள்ள வெளிநாட்டு அமைச்சின் கொன்சியுலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். பிரதியில் நீதிமன்ற முத்திரையும் பதிவாளரின் கையொப்பமும் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று புதுக்கடை வாசலிலேயே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். மங்கலான முத்திரைக்காகத் திருப்பி அனுப்பினால் மீண்டும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.